மூன்று அறை வீடு

வீட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான். தெலுக் பாத்திக் கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். மூன்று அறை. மாடிப்படி இல்லை. முன்னால் பூட்டுகிற மாதிரி கேட். அங்கே வெகுதூரம் வரை கடல் முழங்கால் ஆழம்தான் என்று ஏற்கெனவே தங்கியவர்கள் எழுதியிருந்தார்கள். ஆறு வயதுக் குழந்தையோடு போகிறவனுக்கு அது போதும்.

உண்மையில் எனக்கு ஒரே ஓர் அறை போதும். பள்ளி விடுமுறையில் மூன்று நாள் நானும் யஷ்வினியும் ஒரே அறையில் தூங்கி எழ வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

யஷ்வினி என் மகள். அவள் அம்மா கோகிலா போன வைகாசியில் இறந்துபோனாள். காரியம் முடிந்த அன்றே கோகிலாவின் அக்கா தினேஸ்வரி குழந்தையைப் பத்து காஜா என்கிற ஊருக்கு, தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது அது சரியாகத்தான் இருந்தது. எனக்குச் சமைக்கத் தெரியும். துணி துவைக்கத் தெரியும். ஆனால் குழந்தை ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதே தோன்றவில்லை. அவள் கேட்பாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சில மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் குனோங் ராபாட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வரத் தொடங்கினேன். பகலில் நன்றாக இருப்பாள். வெளிச்சம் குறைந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவருகே நிற்பாள். அழ மாட்டாள். "பெரியம்மா தேடுவாங்க" என்பாள். நான் காரை எடுப்பேன்.

அவளிடம் ஒரு பழைய தலையணை உண்டு. இங்கே பல வீடுகளில் குழந்தைகளுக்கு அப்படி ஒன்று இருக்கும். மலாயில் பந்தால் பூசோக், நாற்றத் தலையணை, என்போம். துவைக்கவும் விட மாட்டார்கள், அது இல்லாமல் தூங்கவும் மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது யஷ்வினி அதைக் கொண்டு வந்ததே இல்லை.

வரும் ஜனவரியில் அவளுக்கு ஒன்றாம் வகுப்பு. அதற்குள் என்னோடு வந்துவிட வேண்டும் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அக்கா இல்லை என்று சொல்லவில்லை.

"மொதல்ல ஒரு ராத்திரி ஒன்னோட அழாமத் தூங்கட்டும் தர்மா. அப்புறம் பேசுவோம். இல்லன்னா இங்கயே பள்ளிக்கூடத்துல போட்டுடலாம். பக்கந்தானே."

அதனால்தான் கடல். என் வீடு என்றால் அவளுக்குக் கதவு எந்தப் பக்கம் என்று தெரியும். புது இடம் என்றால் தெரியாது.

*

வீடு எடுத்த வார ஞாயிறு பத்து காஜாவில் வீட்டின் படங்களைக் காட்டினேன். அக்காவின் கணவர் கார்த்திகேசு அண்ணன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளுக்கு எப்போது விடுமுறையோ அப்போதுதான் அவருக்கும்.

"மூணு ரூமா சகல?"

"ஆமாண்ணே."

"ரெண்டு பேருக்கு மூணு ரூம் என்னாத்துக்கு? ஒன்னுல நீ, ஒன்னுல பாப்பா, இன்னொன்னுல யாரு, காத்தா?"

"சின்ன வீடெல்லாம் நெறஞ்சி போச்சுண்ணே. லீவு நேரம்."

"அப்ப முடிஞ்சிச்சி லா. ஈஸ்வரி! துணிமணி எடுத்து வை. கடலுக்குப் போறோம்."

அக்கா சமையலறையிலிருந்து கேட்டார். "யாரு கூப்புட்டா ஒங்கள?"

"சகல கூப்புட்டாப்ல. வாயால கூப்புடல. மூணு ரூம் எடுத்திருக்காப்ல, அதுக்கு என்னா அர்த்தம்?"

இந்த ஒரு வருடத்தில் அப்படித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிவாகிவிடும்.

மாலைக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு உருவாகியிருந்தது. அவர்கள் மகன் ஷர்வின் அதற்குப் 'பந்தாய் கேங்', கடற்கரைக் கூட்டம், என்று பெயர் வைத்தான். அண்ணனின் தம்பி சீனி, மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் சேர்ந்துகொண்டான். சீனியிடம் மீன் சுடுகிற அடுப்பு இருக்கிறது. திருக்கை மீனுக்குத் தடவச் சம்பால் அரைத்துக் கொண்டு வருவதாகக் குழுவில் போட்டான். ஆள் அதிகமாகிறதே என்று அக்கா சொன்னபோது அண்ணன் சிரித்தார்.

"தோட்டத்துல இருந்தப்போ வருசத்துக்கு ஒருக்கா ரப்பர் லோரியில ஏறி லூமூட் கடலுக்குப் போவோம். நின்னுக்கிட்டேதான் போவோம். ஒன்பது பேரு ஒனக்குக் கூட்டமா?"

அண்ணனும் அக்காவும் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பாதி செம்பனை, பாதி இந்த வீடமைப்பு. அவர்கள் குடியிருந்த லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடு, இருந்த இடத்துக்கு அருகில்தான் இப்போதைய வீடு என்று அண்ணன் சொல்வார். கார் நிறுத்தும் இடத்தைக் காட்டி தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோர் வீடு இங்கே என்பார். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தைக் காட்டுவார்.

அறை பிரிப்பதை அக்கா குரல் பதிவாக அனுப்பினார். "முன்னாடி பெரிய ரூம் சீனி குடும்பத்துக்கு. ஏர்கோன் இருக்கற நடு ரூம்ல நானும் பாப்பாவும். பின்னாடி ரூம்ல இவரும் ஷர்வினும். தர்மா ஹால்ல படுத்துக்கட்டும். சோபா பெருசாதான் இருக்கு."

நான் நில அளவையாளர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். படத்தில் தரை ஓட்டின் அளவை வைத்துச் சோபாவைக் கணக்கிட்டேன். என் கால் வெளியே நீளும்.

'சரிக்கா' என்று எழுதினேன்.

*

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா கோயிலிலிருந்து அழைத்தார். நான் அலுவலகத்தில் இருந்தேன்.

"தம்பி, கோகிலாவுக்கு திவசம் எப்பன்னு நெனச்சிக்கிட்டு இருக்க?"

"லீவு முடிஞ்ச மறுவாரம்க்கா. கடலுக்குப் போயிட்டு வந்து கொடுத்துடலாம்னு."

"எத வெச்சி சொல்ற?"

"தேதிய வெச்சி."

"எந்தத் தேதி?"

"டெத் சர்ட்டிபிகேட்ல இருக்கற தேதிக்கா."

அந்தப் பக்கம் கோயில் மணி அடித்தது.

"படிச்சவன்தானே நீ? திதி பாக்கணும்னு தெரியாதா? எந்தங்கச்சி பௌர்ணமியில போனா. இந்த வருசம் வைகாசிப் பௌர்ணமி முன்னாடியே வந்துடுது. ஐயரு இப்பதான் பாத்துச் சொன்னாரு. நாம கடலுக்குப் போற ரெண்டாம் நாளு."

எங்கள் அலுவலக நாட்காட்டியில் பொது விடுமுறைகள் இருக்கும். நிலா இருக்காது.

"நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேங்க்கா."

"நீ பாத்துட்டுத்தான் வீடு எடுத்திருப்பன்னு நான் நெனச்சேன். சரி. கடல் வேணாம். இங்க வீட்லயே கொடுத்துடுவோம். கடலுக்கு வருசக் கடைசியில போய்க்கலாம்."

"வருசக் கடைசின்னா அடுத்து பள்ளிக்கூடம் தொறந்துடும்க்கா."

"தொறக்கட்டுமே. இங்க பள்ளிக்கூடம் இல்லியா?"

கேட்டுவிட்டு அக்கா வைத்துவிட்டார்.

குழுவில் அக்கா விஷயத்தை எழுதினார். பிறகு சீனி எழுதினான்: 'அப்ப திருக்கை மீனு அண்ணி?'

அக்கா குழுவிலிருந்து வெளியேறினார். ஷர்வின் மறுபடி சேர்த்தான்.

அன்று மாலை வேலை முடிந்து காரில் உட்கார்ந்து, வீட்டை ரத்து செய்கிற பக்கத்தைத் திறந்தேன். ஏன் ரத்து செய்கிறீர்கள் என்று கேட்டது. காரணங்கள் வரிசையாக இருந்தன. திட்டம் மாறிவிட்டது, உடல்நலமில்லை, வேறு இடம் கிடைத்தது. எதையும் தொடாமல் மூடினேன். கோயில் ஐயரை அழைத்தேன்.

"ஐயரே, திதிய கடற்கரையில கொடுக்கலாமா?"

"தாராளமா கொடுக்கலாம். கடல்ல கொடுக்கறது விசேஷந்தான். ஆனா அன்னிக்கி இங்க பௌர்ணமி பூஜை, என்னால வர முடியாது. லூமூட்ல எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்காரு, சொல்லி விடறேன். காலையில தண்ணி ஓரத்துக்கு வந்துடுவாரு. எள்ளு, பச்சரிசி, தர்ப்பை எல்லாம் அவரே கொண்டாருவாரு. படையல் எங்க?"

"அங்க எடுத்திருக்கற வீட்ல."

"யாரு வீடு?"

"மலாய்க்காரங்க வீடு."

"கேட்டுக்கிட்டுச் செய்ங்க. கேக்காமச் செய்யாதீங்க."

கேட்டேன். வீட்டுக்காரம்மா பெயர் காக் சைத்தோன். வயதான குரல். மலாயில் பேசினேன். இரண்டாம் நாள் உங்கள் வீட்டில் விளக்கு ஏற்றி, வாழையிலை போட்டு, சைவமாகச் சமைத்து வைத்துக் கும்பிட வேண்டும் என்றேன். அவர் பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டார். பலூன் கட்டலாம், ஆனால் சுவரில் டேப் ஒட்டினால் சாயம் உரிந்துவிடும் என்றார்.

பிறந்தநாள் இல்லை, என் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது என்றேன்.

"ஓ. கெண்டூரி அர்வா."

இறந்தவர்களை நினைத்து அவர்கள் வீட்டில் ஆட்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். அதைத்தான் சொன்னார். தன் கணவருக்கு வருடா வருடம் செய்கிறாராம். அப்படியானால் அங்கே இருக்கும் சட்டி போதாதே, தங்கை வீட்டிலிருந்து பெரிய சட்டி வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டார். சூடம் ஏற்றுவதை முன்தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே புகை பட்டால் அலாரம் அடிக்கும். பன்றி சம்பந்தப்பட்ட எதையும் வீட்டுக்குள் கொண்டு வர வேண்டாம். அவ்வளவுதான் அவருடைய நிபந்தனை.

"மனைவிக்கு என்ன வயது?" என்று கடைசியில் கேட்டார்.

முப்பத்து மூன்று என்றேன்.

"மீன் சட்டி தனியாக வைக்கிறேன்" என்றார். "அதை அன்றைக்கு எடுக்காதீர்கள்."

*

ஞாயிற்றுக்கிழமை பத்து காஜாவில் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் வேர்க்கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். யஷ்வினி கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"ஐயருகிட்ட பேசிட்ட. வீட்டுக்காரங்ககிட்ட பேசிட்ட. எல்லாம் நீயே முடிவு பண்ணிட்ட" என்றார் அக்கா.

"ஆமாங்க்கா."

ஒரு வருடத்தில் நானாக முடிவு செய்த முதல் காரியம் அது. அக்காவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கீரையிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"திதி அன்னிக்கி புள்ளைங்க கடல்ல குதிச்சி வெளையாடுங்களா? பாக்கறவங்க என்னா நெனப்பாங்க?"

"யாரு பாக்கப் போறா?" என்றார் அண்ணன். "காலையில தண்ணி ஓரமா கொடுக்கறோம். மத்தியானம் எல போட்டுச் சாப்புடறோம். சாயந்திரம் புள்ளைங்க குளிக்கட்டும். மறுநாளு சீனி மீனு சுடட்டும், பாவம் சம்பால் அரைச்சி வெச்சிட்டான். எங்க தப்பு?"

"ஒங்களுக்கு எதுலயும் தப்பில்ல."

"கோகிலா இருந்தா மொத ஆளா தண்ணியில எறங்கியிருப்பா. சொல்லு, இல்லன்னு சொல்லு."

அக்கா கீரைத் தண்டை ஒவ்வொன்றாக ஒடித்தார். பிறகு குரலைத் தணித்து என்னிடம் பேசினார்.

"பாப்பா ராத்திரியில முழிச்சிக்குவா. முழிச்சா அழ மாட்டா. என் காதத் தொட்டுப் பாப்பா. இருக்கேன்னு தெரிஞ்சா திரும்பித் தூங்கிடுவா. அது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"அத எனக்கு யாரும் சொல்லித் தரல. அவ தொட்டா, நான் படுத்திருந்தேன்."

அண்ணன் கடலை உடைப்பதை நிறுத்தியிருந்தார்.

யஷ்வினி வண்ணப் பென்சிலோடு எழுந்து வந்தாள். அவளுக்குக் காது கூர்மை. "திதின்னா என்னா?" என்று கேட்டாள்.

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். அக்கா வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"அம்மாவுக்குப் புடிச்சத சமைச்சி எலையில வெப்போம்" என்றேன். "அம்மா பேரச் சொல்லிக் கும்புடுவோம்."

"அப்புறம்?"

"அப்புறம் நாம சாப்புடுவோம்."

"அம்மாவுக்குப் புடிச்சதுன்னா, என்னென்னா வெப்பீங்க?"

"பரங்கிக்கா கறி, வாழக்கா, வட, பாயாசம்" என்றார் அக்கா.

"அம்மா பரங்கிக்கா சாப்புட மாட்டாங்க."

"சாப்புடுவா கண்ணு. சின்னப் புள்ளையில சாப்புடுவா."

"மாட்டாங்க. எடுத்து என் தட்டுல வெச்சிடுவாங்க."

அண்ணன் சத்தமாகச் சிரித்தார். "ஏமாத்திட்டா ஈஸ்வரி ஒன்ன. நீ ஆசையா ஆக்கிப் போட்டதெல்லாம் யாரு தின்னான்னு பாரு."

அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்ப வேற என்னாதான் புடிக்கும் ஒங்கம்மாவுக்கு?"

யஷ்வினி யோசித்தாள். "ஹியோங் பியா."

எங்கள் வீட்டுப் பக்கம் சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் சீனர்கள் சுடுகிற பிஸ்கட் அது. வட்டமாக, மேலே எள்ளோடு, உள்ளே பிசுபிசுவென்று இனிப்புப் பாகு. விடுமுறை நாட்களில் வெளியூர்க் கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும்.

"அப்பா, அடுப்புலேர்ந்து எடுக்கறப்பவே வாங்குவோம்ல? வீட்டுக்கு வர வரைக்கும் வெக்க மாட்டாங்க. காடியில வரப்பவே சாப்புடுவாங்க. சட்டையெல்லாம் தூளு. நீங்க ஏசுவீங்க."

அந்தக் கடையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். ஒரு வருடமாக அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

"ஏசுவேன்" என்றேன்.

"பன்னிக் கொழுப்பு போட்டுச் செய்வானுங்க அத" என்றார் அக்கா. "திதிக்கு எலையில வெக்கறதா? அந்தம்மா வேற பன்னி கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"எண்ணெயில செய்யறதும் இருக்குக்கா. கோகிலா அதத்தான் வாங்குவா. பச்சைத் தாள் ஒட்டியிருக்கும். காலையில மொத அடுப்பு அதுதான். சீக்கிரம் தீந்துடும்."

"அப்ப வெள்ளிக்கெழமையே வாங்கி வெச்சிடு சகல" என்றார் அண்ணன்.

"வேணாம், ஆறிப்போயிடும்" என்றாள் யஷ்வினி. "கெளம்பற அன்னிக்கி வாங்கணும். சூடா."

"படையலு மறுநாளுதானே பாப்பா. எப்படியும் ஆறிடும் லா."

அவள் அதையும் யோசித்தாள். "வாங்கறப்போ சூடா இருக்கணும் பெரியப்பா."

அண்ணன் மறுபடி கடலை உடைக்கத் தொடங்கினார்.

"சரி, அப்பா வாங்கிட்டு வருவாரு" என்றார் அக்கா.

"அப்பாவுக்குக் கட தெரியும். எந்தத் தட்டுன்னு தெரியாது. அம்மா காட்டுவாங்க, நாந்தான் பாப்பேன். நானும் போவணும்."

"விடியக்காலையில எப்பிடிப் போவ? இங்கேர்ந்து யாரு ஒன்ன அந்நேரத்துக்கு எழுப்பிக் கூட்டிட்டுப் போறது?"

யஷ்வினி பென்சிலின் முனையைப் பார்த்தாள். "மொத நாளே போயிடுறேன்."

"அங்கயா படுத்துக்குவ?"

"ம்."

"பெரியம்மா இல்லாம?"

"நீங்கதான் மறுநாளு கடலுக்கு வந்துடுவீங்கல்ல?" என்றாள். பிறகு கூடத்துக்குப் போய் மீதிப் படத்தை வரையத் தொடங்கினாள்.

அக்கா கீரையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அலசினார். அண்ணன் ஒரு கைப்பிடி வேர்க்கடலையை என் கையில் கொட்டினார். ஏற்கெனவே உடைத்து வைத்தது.

"தின்னு சகல" என்றார்.

*

வெள்ளிக்கிழமை மாலை அவளைக் கூப்பிடப் போனேன். அக்கா எல்லாவற்றையும் வாசலில் எடுத்து வைத்திருந்தார். அரைத்த மசாலா, அப்பளம், வாழையிலைக் கட்டு, பெரிய ரைஸ் குக்கர். சீனியின் காரில் அடுப்பும் கரியும் போகின்றன, அண்ணனின் வேனில் ஆட்களும் பாயும். சைவச் சாமான்கள் மீன் சாமான்களோடு ஒட்டக் கூடாது, அதனால் அவை என் காரில்.

"அப்பளம் மேல எதையும் வெச்சிடாத. எலை வாடாம ஈரத் துணியில சுத்தி வை. ரைஸ் குக்கரு மறந்துடாத, அந்த வீட்ல சின்னதுதான் இருக்காம்."

"சரிக்கா."

"பாப்பா பசியாறாம காடியில ஏறினா வாந்தி எடுப்பா."

"சரிக்கா."

"எல்லாத்துக்கும் சரிங்கற. மண்டையில ஏறுதா?"

யஷ்வினி காரில் ஏறி உட்கார்ந்துவிட்டு, மறுபடி இறங்கி வீட்டுக்குள் ஓடினாள். அக்கா என்னைப் பார்த்தார். நான் ரைஸ் குக்கரைப் பார்த்தேன். போக மாட்டேன் என்று சொல்லப் போகிறாள் என்றுதான் இருவருமே நினைத்தோம்.

தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். உறை முதலில் எந்த நிறத்தில் இருந்தது என்று இப்போது பார்த்துச் சொல்ல முடியாது. அக்கா அதை வாங்கி முகத்தருகே கொண்டுபோனார்.

"நாத்தம் கொடலப் பொரட்டுது" என்றார். ஆனால் உடனே திருப்பித் தரவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, காரில் ஏறிய குழந்தையின் மடியில் வைத்து, இரண்டுக்கும் சேர்த்துப் பெல்ட்டை மாட்டினார்.

"அழுதா கூப்புடு தம்பி. எந்நேரமானாலும் கூப்புடு."

"யாரு அழுதா? பாப்பாவா, சகலையா?" என்றார் அண்ணன்.

"யாரு அழுதாலும்" என்றார் அக்கா.

அந்த இரவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவள் கேட்டாள், நான் பதில் சொன்னேன். கடல் ஏன் உப்பு, திருக்கை கடிக்குமா, காக்கா கடலுக்கு வருமா. தெரிந்ததற்குத் தெரிந்த பதில். தெரியாததற்குத் தெரியாது. நடுவில் ஒரு தடவை விழித்தாள். கை என் முகத்தின் மேல் தேடிப் போய்க் காதைப் பிடித்தது. கொஞ்சம் தடவிப் பார்த்தது.

"ஒங்க காது பெருசு" என்றாள். திரும்பிப் படுத்தாள்.

நான் அசையாமல் படுத்திருந்தேன். அதைத்தான் அக்காவும் செய்திருக்கிறார்.

*

காலையில் மலை மேல் பனி இறங்கியிருந்தது. கடை வாசலில் ஏற்கெனவே இரண்டு கார்கள். யஷ்வினி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக உள்ளே போனாள். பச்சைத் தாள் ஒட்டிய பொட்டலங்கள் மேசையில் அடுக்கியிருந்தன. அவள் அதைத் தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்று தலையை ஆட்டினாள். உள்ளே அடுப்பருகே இருந்த, அதே பச்சைத் தாள் வைத்த தட்டைக் காட்டினாள்.

கடைக்காரம்மாவுக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. இவ்வளவு வளர்ந்துவிட்டாயா என்று மலாயில் கேட்டார். அம்மா எங்கே, காரிலா என்றார்.

யஷ்வினி முந்திக்கொண்டாள்.

"அம்மா இல்ல. நாளைக்கு அவங்களுக்குச் சாப்பாடு வெக்கறோம்" என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள்.

அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் உள்ளே போய், அடுப்பருகே இருந்த தட்டிலிருந்து எடுத்துப் பையில் போட்டார். பை சூடாக இருந்தது. யஷ்வினி அதைச் சட்டையின் கீழ்விளிம்பால் பிடித்துக்கொண்டாள்.

காரில் ஏறியதும் ஒன்றை எடுத்தாள். படைப்பதற்கு முன்னால் தொடக் கூடாது. அக்கா இருந்திருந்தால் கையில் ஒன்று போட்டிருப்பார். யஷ்வினி உடைத்துப் பாதியை எனக்குத் தந்தாள். பாகு நூலாக இழுத்தது. சட்டையெல்லாம் தூள்.

"ஏச மாட்டீங்களா?" என்றாள்.

"இன்னிக்கி இல்ல."

கைப்பேசியில் அக்கா எழுதியிருந்தார். 'தூங்கினாளா?'

'தூங்கினா' என்று எழுதினேன்.

அவர் எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. எதுவும் வரவில்லை. நாங்கள் இன்னொரு பிஸ்கட்டை முடித்த பிறகு குழுவில் குரல் பதிவு ஒன்று வந்தது. யஷ்வினி அழுத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. ரூம் மாத்தியாச்சி. நடு ரூம்ல தர்மாவும் பாப்பாவும். நான் சோபாவுல படுத்துக்கறேன், நான் குட்டதானே, எனக்குப் போதும். தம்பி, பள்ளிக்கூடத்து விசயம் அங்க வந்து பேசுவோம். ஒங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல காலையில எத்தன மணிக்கு கேட்டு தொறப்பாங்கன்னு கேட்டு வை. அப்புறம், ரைஸ் குக்கரு யாரு காடியில இருக்கு?"

திரும்பிப் பின் இருக்கையைப் பார்த்தேன். இலைக்கட்டு இருந்தது. அப்பளம் இருந்தது. அதன் மேல் எதுவும் இல்லை. ரைஸ் குக்கரை இரவு உள்ளே எடுத்து வைத்தது நினைவுக்கு வந்தது. என் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்தது.

"அப்பா" என்றாள் யஷ்வினி. அவளும் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் பந்தாலும் இல்ல. கட்டில்லயே வெச்சிட்டேன்."

காரைத் திருப்பினேன்.